தென்கரையான் என்று ஒருவர்

ஒருவர் இருந்தார் என்பதற்கு ஆதாரம் தேடி மும்பைக்குப் போனேன். உயிரோடு இருப்பவர்களைப் பார்க்கவே வீட்டை விட்டுக் கிளம்பாதவள் நான். பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷன்வரை போய்வருவதற்கே முதல்நாள் ராத்திரியிலிருந்து யோசிப்பேன். அப்படிப்பட்டவளைப் பணி ஓய்வுக்குப் பிறகு ரயிலேற்றிவிட்டவர் தென்கரையான்.

தெற்கத்திக்காரர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாடகம் போடாத ஊர் இல்லை என்றிருந்த காலத்தில், தென்கரையான் நாடகம் போடாத ஊர் இல்லை. பம்பாயில் தாராவியில் எழுதப்பட்டு, லீவுக்கு வந்தவர்களின் பெட்டிகளில் ஊர் ஊராக வந்து சேர்ந்த நாடகங்கள் அவை. 'வெளியே நின்றவன்' என்ற நாடகத்தைச் சின்னப் பெண்ணாக மணலில் உட்கார்ந்து பார்த்தேன். கடைசிக் காட்சியில் கதாநாயகன் தனியாக நின்று பேசுவான்: "எல்லா ஊர்க் கூட்டத்துக்கும் நான் போயிருக்கிறேன். ஒரு கூட்டத்திலும் எனக்குப் பாய் விரிக்கவில்லை. உங்கள் செருப்புகளுக்கு என்னைத் தெரியும். உங்களுக்குத் தெரியாது." மணலில் இருந்த அத்தனை பேரும் மூக்கைச் சிந்தினார்கள். நான் மட்டும் அந்தப் பேச்சை விட்டு வெளியே வரவேயில்லை.

கல்லூரியில் தமிழ் நடத்திய காலம் முழுக்க அவரைத்தான் ஆராய்ந்தேன். முனைவர் பட்டம் அவரால். அந்தச் செருப்பு எதன் குறியீடு என்று நீளமாக ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் நானும் தென்கரையானும்தான். ஓய்வு பெற்றதும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்துப் பதிப்பாளரிடம் கொடுத்தேன். அச்சுக்குப் போகும் நேரத்தில் ஒரு இளைஞர் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். தென்கரையான் என்று ஒருவர் இருந்ததே இல்லையாம். புகைப்படம் கிடையாது, ஊர் கிடையாது, தகப்பனார் பெயர் கிடையாது, உறவு என்று சொல்லிக்கொண்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை என்று அடுக்கியிருந்தார். கடைசிக் காரணம் எனக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டேன்.

பதிப்பாளர் போன் செய்தார். "டீச்சர், வாழ்க்கை வரலாறுன்னு அட்டையில போடுறோம். ஆளே இல்லேன்னா எப்படி? ஒரு போட்டோ, இல்ல ஒரு சொந்தக்காரர், ஏதாவது ஒண்ணு கொண்டுவாங்க. இல்லேன்னா நிறுத்தி வச்சிருவோம்."

அதனால்தான் போனேன். என் ஆயுசில் எழுதிய ஒரே புத்தகம் அது.

மாதுங்காவில் ஒரு லாட்ஜில் தங்கினேன். ரிசப்ஷனில் இருந்தவர் ஆதார் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் எனக்குப் பின்னால் பார்த்தார். "தனியாவா?" என்றார். ஆமாம் என்றேன். அறைக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் கேட்டார், "தனியாவா?" ஊரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, அங்கே எல்லோருக்கும் பதில் தெரியும். இங்கே ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது.

கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி நடந்தால் மும்பையில் இருக்கிறோமா மயிலாப்பூரில் இருக்கிறோமா என்று சந்தேகம் வரும். மல்லிகைப் பூ, வாழையிலை, பில்டர் காபிப் பொடி அரைக்கும் வாசனை. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மெஸ் வாசலில் நின்றேன். நடைபாதையெல்லாம் கூட்டம். ஒருவர் கையில் காகிதத்தோடு வந்து எத்தனை பேர் என்று கேட்டார். ஒருத்தி என்றேன். உடனே உள்ளே கூப்பிட்டுவிட்டார். நாலு பேர் மேஜையில் ஒரு நாற்காலி காலியாக இருந்ததாம். ஐந்தாறு பேராக வந்திருந்த குடும்பங்கள் என்னை முறைத்துப் பார்த்தன. தனியாக இருப்பதால் என் வாழ்க்கையில் கிடைத்த லாபம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

உள்ளே முன்பின் தெரியாத மூன்று பேரோடு சாப்பிட்டேன். சேனை எரிசேரி, ரசம், அப்பளம். ரசம் பிரமாதம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாளையங்கோட்டையில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், அதில் வருத்தமில்லை. மூன்று முழங்கைகள் இடிக்க இடிக்கத் தனியாகச் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை விஸ்வநாதன் என்பவரைப் பார்க்கப் போனேன். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், மாதுங்காவிலேயே பிறந்து, ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாடகம், கச்சேரி என்று நடத்தியவர்களில் மிச்சமிருப்பவர் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"வாங்கோ வாங்கோ. தென்கரையானா? சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கேள்," என்றார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். "அவர் என் அத்திம்பேர். நல்ல உயரம். கண்ணாடி போட்டுண்டிருப்பார். ஷார்ட்ஹேண்ட்ல கெட்டி. பின்னே அந்த மாதிரித் தமிழ் தாராவில யார் எழுதுவா, சொல்லுங்கோ?"

புகைப்படம் இருக்கிறதா என்று கேட்டேன். ஆல்பம் நவி மும்பையில், நெருளில், மகள் வீட்டில் இருப்பதாகச் சொல்லி, அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள், "அப்பா, அவர் ஆபீஸ் ஆனிவர்சரிக்கு ஒரு ஸ்கிட் எழுதினார். அதுவும் இங்கிலீஷ்ல. பாவம், அந்த ஆன்ட்டியை அலைய வைக்காதே."

விஸ்வநாதன் கொஞ்சமும் அசரவில்லை. இன்னொரு காபி போட்டுக்கொண்டு வந்தார். பேரப்பிள்ளைகள் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள், மருமகள் குஜராத்தி, வீட்டில் டிவிதான் தமிழ் பேசுகிறது என்றார். நான் எழுந்தபோதெல்லாம் புதிதாக ஒரு அத்திம்பேர் கதை ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. என்னை இன்னும் அரைமணி நேரம் உட்கார வைக்க அவர் கையில் தென்கரையானை விட்டால் வேறொன்றும் இருக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சாப்பிட்டேன்.

தாராவிக்கு மூன்றாம் நாள் டாக்சியில் போனேன். தொண்ணூறடி ரோட்டில் இறங்கியதும் காதில் விழுந்த முதல் குரல் "ஏல, வண்டிய எடுல!" என்றது. கண்ணை மூடிக்கொண்டால் எங்கள் ஊர் சமாதானபுரம் பஸ் ஸ்டாப். சந்துக்குள் நுழைந்தால் எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடக்கிறது. ஒரு வீட்டுக் குக்கர் சத்தம் போட்டால் எதிர்வீட்டுப் பெண் எழுந்துபோய் அணைக்கிறாள். என் வீட்டில் குக்கர் வெடித்தாலும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாக் கதவிலும் பெயிண்டில் ஒரு எண் எழுதியிருந்தது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம், அதற்கான கணக்கெடுப்பு.

நான் தேடிப்போன செல்லத்துரை தோல் பை தைத்து விற்கிற கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, கட்டிங் சாய், அதாவது அரை டம்ளர் டீ, சொல்லிவிட்டு, "எந்த ஊருக்கா?" என்று கேட்டார். சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்டார்.

"தென்கரையானா? எங்க தாத்தாதாங்கா அது," என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பக்கத்துக் கடைக்காரர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "சும்மா அளக்காத செல்லத்துரை. அக்கா, அது எங்க பெரியப்பா. எங்க ஊர்க்காரரு."

"ஒங்க பெரியப்பாவுக்குக் கையெழுத்தே போடத் தெரியாதுல்லா!"

"ஒங்க தாத்தாவுக்கு மட்டும் தெரியுமோ?"

இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டுச் சண்டை போட்டார்கள். கோபமான சண்டை இல்லை, பழகிய சண்டை. நான் சாயைக் குடித்து முடித்தேன். ஆதாரமே இல்லை என்று அந்த இளைஞர் எழுதினாரே, இங்கே வந்து பார்த்தால் தெரியும், ஆதாரம்தான் மலிந்து கிடக்கிறது.

"உண்மையைச் சொல்லுங்க. நான் வெகுதூரத்திலிருந்து வந்திருக்கேன்," என்றேன். வகுப்பறைக் குரல் தானாக வந்துவிட்டது.

செல்லத்துரை சிரித்தார். "அக்கா, நாங்க இங்கன குடியிருந்தோம்னு காட்டுததுக்கே நாய் படாத பாடு படுதோம். பிறந்து வளந்த வீட்ல நின்னுகிட்டு, நான் இங்கனதான் இருந்தேன்னு ப்ரூப் குடுக்கணும். நீங்க செத்துப்போனவருக்குக் கேக்கீங்க." பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "அவருக்கு ஊரு கிடையாதுக்கா. அதனால எல்லா ஊர்க்காரனும் எங்க ஆளுன்னு சொல்லிக்கிடலாம், ஒருத்தனும் கோவிச்சிக்கிட மாட்டான். நேர்ல பாத்தவரு ஒருத்தருதான் மிச்சம். செம்பூர்ல இருக்காரு. ஆறுமுகம் மாமா. பொம்பள வேசம் கட்டுனவரு. போன் பண்ணிச் சொல்லுதேன், நாளைக்குப் போங்க."

அன்று மாலை லாட்ஜ் ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். ஊர் கிடையாது என்று அவர் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் புத்தகத்தில் நானும் அதைத்தான் ஊகித்திருந்தேன். யாருமில்லாத ஒரு மனிதர், ஒரு அறை, ஒரு விளக்கு, ராத்திரியெல்லாம் எழுதுகிறார். தனிமையை அப்படி எழுத, தனியாக இருந்த ஒருவரால்தான் முடியும். என் வாதமே அதுதான். அதை நினைத்துக்கொண்டு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

செம்பூருக்கு லோக்கல் ரயிலில் போக வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியதோ தெரியாது. வடாலாவில் வண்டி மாறுகிறவரை எல்லாம் சரியாக இருந்தது. பெண்கள் பெட்டியில் உட்கார இடமும் கிடைத்தது. ஒரு பெண் மடியில் பேப்பரை விரித்துக் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே இருந்தவளிடம் இந்தியில் சொன்னாள், "மாமியாருக்கு நான் ரயிலில் நறுக்குவது தெரியாது. ஆபீசில் வேலையே இல்லை, எல்லாம் நறுக்கியே கொண்டுவருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்." பெட்டியே சிரித்தது. எனக்குப் புரிந்த அளவில் நானும் சிரித்தேன்.

செம்பூர் வந்ததும் எழுந்தேன். எழுந்ததுதான் தப்பு. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் "ஆள் இறங்கணும்" என்று ஒரு குரல் கொடுத்தால் டிரைவர் நிறுத்துவார், கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிடுவார். இங்கே நான் கதவை எட்டும் முன்பே ஏறுகிறவர்கள் என்னைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டார்கள். கோவண்டியில்தான் வெளியே விழுந்தேன், ஒரு செருப்பு வார் அறுந்து.

பிளாட்பாரத்தில் முறத்தை அக்குளில் இடுக்கியபடி நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்துத் தமிழிலேயே திட்டினாள். "முந்துன ஸ்டேசன்லயே கதவுக்கு வந்துரணும்க்கா. இங்க நம்மளா எறங்குறது கிடையாது, தள்ளி விட்ருவாங்க. தனியாவா வந்தீங்க?" என் செருப்பை வாங்கி, தன் புடவையிலிருந்த ஊக்கை எடுத்து வாரில் குத்திக் கொடுத்தாள். எதிர் வண்டி வந்ததும் என்னை உள்ளே தள்ளி, இரண்டு பெண்களிடம் இந்தியில் ஏதோ சொன்னாள். அந்த இரண்டு பேரும் செம்பூரில் என்னை ஆளுக்கொரு கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். ஊக்குப் பெண்ணிடம் பெயர் கேட்க நேரமில்லாமல் போய்விட்டது.

ஆறுமுகம் அவர்கள் மகன் வீட்டில், நாலாவது மாடியில் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். தலைக்குச் சாயம், முகத்துக்குப் பவுடர், நான் வருவதற்காகவே போட்டுக்கொண்ட பட்டுச் சட்டை. துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மராத்தி மருமகள் அவலில் உப்புமா செய்து தட்டில் வைத்துவிட்டு, "பாபா இன்றைக்குக் காலை ஐந்து மணிக்கே தயார்" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தாள்.

"கேளுங்க. நான் எப்படிப் பொம்பள வேசத்துக்கு வந்தேன்னுதான மொதல்ல கேப்பீங்க?" என்றார்.

கேட்டேன். வேறு வழியில்லை. எந்த நாடகத்தில் என்ன புடவை, எந்த ஊர்க்காரர் விசில் அடித்தார், யார் நிஜமாகவே பெண் கேட்டு ஆள் அனுப்பினார் என்று எல்லாம் சொன்னார். உட்கார்ந்தபடியே தோளைத் திருப்பி ஒரு பார்வை பார்த்துக் காட்டினார். அந்த வயதிலும் அது ஒரு பெண்ணின் பார்வைதான். உப்புமா ஆறிப்போனது. கடைசியில் நான் தென்கரையான் பெயரை எடுத்தேன்.

"அவனா?" என்றார், பேச்சைக் கெடுத்துவிட்டேன் என்கிற மாதிரி. "நல்லவன். ஆனா அவன் எழுதலயே."

எனக்குப் புரியவில்லை. அவரே அவசரமில்லாமல் சொன்னார்.

"நாடகத்தை நாங்க அஞ்சாறு பேரு சேந்து எழுதுவோம். ஆளுக்கொரு ஊரு. ரூம்ல பாய் போடவே இடம் இருக்காது, அதுல உக்காந்து ஒருத்தன் வசனம் சொல்லுவான், இன்னொருத்தன், போல, இது எங்க ஊர்ல எடுபடாதும்பான். ஒரே கூச்சல். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும். எழுதி முடிச்சாச்சு, நோட்டீஸ்ல யாரு பேரைப் போட? எங்க ஊர்க்காரன் பேரைப் போட்டா மத்த ஊர்க்காரன் நாடகம் பாக்க வரமாட்டான். அப்ப ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனிச் சங்கம், தனித்தனி ரூம். ஊரு பேரு தெரியாத ஒரு பேரா வேணும். ஆத்துக்குத் தென்கரையில எல்லா ஊரும் இருக்குல்லா? தென்கரையான்னு போட்டோம்."

நான் தட்டைக் கீழே வைத்தேன். அந்த இளைஞர் சொன்னது சரி. அச்சுக் கோத்த என் புத்தகம் கண்முன்னால் நின்றது. வாழ்க்கையே இல்லாதவருக்கு நான் வரலாறு எழுதியிருக்கிறேன்.

"ஆனா ஆளு இருந்தான்," என்றார் ஆறுமுகம்.

பம்பாயில் நாடகம் போட அரசாங்க அனுமதி வாங்க வேண்டுமாம். ஒரு வருஷம் அதிகாரி ஒருவர், இந்தக் காட்சிக்கு என்ன அர்த்தம், எழுதியவரை நேரில் வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார். எந்த ஊர்க்காரன் போவது? ஒருவன் போய் நான்தான் தென்கரையான் என்று சொல்லிவிட்டால் பிறகு அந்தப் பெயர் அவன் ஊருக்குப் போய்விடும். விடிய விடியச் சண்டை. அப்போது ஒருவருக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர் நினைவு வந்தது.

"எந்த ஊருன்னு அவனுக்கே தெரியாது. சின்னப் பிள்ளையில யாரோ ரயில்ல ஏத்தி விட்ருக்காங்க. தமிழ் பேசுவான், அவ்வளவுதான். ஓட்டல்ல பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தான். ஞாயித்துக்கிழமை எல்லா ஊருக்கும் கூட்டம் இருக்கும்லா, நாங்க எல்லாம் எங்க எங்க ஊர்க் கூட்டத்துக்குப் போயிருவோம். அவனுக்குக் கூட்டம் கிடையாது. எந்த ஊர்க் கூட்டம் நடக்கோ அந்த வாசல்ல போயி உக்காந்துக்கிடுவான். செருப்பு களவு போவாமப் பாத்துக்கிடுவான். ஒருத்தரும் அவன உக்காரச் சொல்லல. அவனா உக்காந்துக்கிடுவான்."

என் அத்தியாயத்தில் செருப்பு நாடற்ற மனிதனின் அடையாளம் என்று எழுதியிருந்தேன். பாதம் பட்ட நினைவு என்று எழுதியிருந்தேன். இன்னும் என்னென்னவோ எழுதியிருந்தேன். செருப்பு, செருப்புதான்.

"அந்தக் கடைசிக் காட்சிப் பேச்சு?" என்று கேட்டேன்.

"அது அவனப் பாத்து எழுதுனதுதான். அவனும் ரூம் வாசல்லதான் இருந்தான். வாசிச்சுக் காட்டும்போது கேட்டுட்டு, இதுல ஒண்ணு தப்பு, பாய் விரிக்கலன்னு எனக்கு வருத்தமெல்லாம் இல்லண்ணேன்னான். நாங்க மாத்தல. வசனம் நல்லா இருந்துச்சு."

கடைசியில் வாசலில் இருந்த அவர்தான் போனார். அதிகாரி முன்னால் நின்று நான்தான் தென்கரையான் என்றார். காட்சிக்கு அர்த்தம் கேட்டதற்கு, வாசலில் இருப்பவனைப் பற்றியது என்று மட்டும் சொன்னாராம். அனுமதி கிடைத்துவிட்டது. அந்த வருஷத்திலிருந்து நாடகம் முடிந்ததும் ஆசிரியருக்குப் பொன்னாடை. மேடையில் நாற்காலி. எல்லா ஊர்ச் சங்கமும் முறை வைத்துப் போர்த்தின. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஒரு பெயரை மட்டும் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். ஒரு தடவை மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்களாம். "எல்லாரும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய நிஜப்பெயர் என்ன என்று கேட்டேன். ஆறுமுகம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

மருமகள் ஒரு பழைய படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். மேடையில் நாற்காலி, சுற்றி ஆட்கள், நடுவில் ஒல்லியாக ஒருவர். பொன்னாடை தோளில் நிற்காமல் சரிகிறது, ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்கிறார். கேமராவைப் பார்க்காமல் மேடைக்குக் கீழே எதையோ பார்க்கிறார். என் மனத்தில் இருந்த முகம் இல்லை இது. பக்கத்தில் மூக்குத்தியும் கொண்டையுமாக நின்றது ஆறுமுகம்.

"நான் எப்படி இருக்கேன் பாத்தீங்களா?" என்றார்.

அழகாக இருக்கிறீர்கள் என்றேன். உண்மைதான்.

தென்கரையான் இறந்தபோது எந்த ஊர்ச் சங்கம் எடுத்துப் போவது என்று கேள்வி வந்ததாம். எல்லாச் சங்கமும் வந்தன. ஒவ்வொன்றும் தனித்தனி மாலை கொண்டுவந்தது. முகம் தெரியாத அளவுக்கு மாலை என்றார் ஆறுமுகம். "வாசல்ல கிடந்த செருப்பை ஒருத்தரும் பாத்துக்கிடல. பாதிப்பேரு வெறுங்காலோடதான் வீட்டுக்குப் போனோம்," என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் பவுடர் கலையாமல் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார். "எழுதுங்க, எழுதாமப் போங்க. ஆனா எழுதுன ஆளுங்க பேரைப் போட்டுராதீங்க. இன்னிக்கும் ஊர்ச்சண்டை வந்துரும்." அவர் சொன்ன பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. படத்தைச் செல்போனில் எடுத்துக்கொண்டேன்.

லாட்ஜுக்குத் திரும்பியதும் பதிப்பாளரைக் கூப்பிட்டேன்.

"ஆள் இருந்தாரா டீச்சர்?"

"இருந்தார். எழுதியது அவர் இல்லை."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் உற்சாகமாகிவிட்டார். "போட்டோதான் கிடைச்சிருச்சே. அத அனுப்புங்க போதும். நாடக ஆசிரியர் தென்கரையான்னு கீழ போட்ருவோம். பொய் இல்லையே, அவரே கையெழுத்துப் போட்ருக்காரு. அந்தப் பையன் வாயும் மூடிரும்."

பொய் இல்லைதான். ஒருநாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அந்தப் படத்தைப் போட்டால் என் புத்தகம் வரும். அதில் ஒரு அறையில் தனியாக ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார். அந்த அறையே இல்லை. நான் தனியாக விளக்கடியில் உட்கார்ந்திருந்ததால் அவரையும் அப்படி உட்கார வைத்துவிட்டேன். எழுதியவர்களுக்கு உட்காரவே இடமில்லை, அத்தனை கூட்டம், அத்தனை சிரிப்பு. தனியாக இருந்தவரோ ஒரு வரியும் எழுதவில்லை. அவரைச் சுற்றி இருந்தவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதைத்தான் எழுதினார்கள். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் நிஜம்.

பதிப்பாளரிடம் படத்தை அனுப்பப் போவதில்லை, புத்தகம் இந்த உருவத்தில் வர வேண்டாம் என்று சொன்னேன். நிறுத்தி வைக்கிறேன் என்றார். திரும்ப எழுத எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டார். என் வயதை நினைத்துக் கேட்டிருப்பார். தெரியாது என்றேன்.

கடைசி நாள் மத்தியானம் அதே மெஸ்ஸுக்குப் போனேன். ஒருத்தி என்றேன், உள்ளே விட்டார்கள். எதிரே என்னைவிட மூத்த ஒரு அம்மாள், காதில் வைரத்தோடு, மாதுங்காவிலேயே பழகியவர் போலிருந்தார். பரிமாறுகிறவர் அவரிடம் கேட்காமலே அப்பளத்தை நொறுக்காமல் ஓரமாக வைத்தார். சாம்பார் முடிந்து ரசம் வந்தபோது என்னைப் பார்த்தார்.

"ஊர்லேர்ந்து வந்திருக்கேளா? தனியாவா?"

"ஆமாம். தெரிஞ்சவர் ஒருத்தரைத் தேடி வந்தேன். அவர் இறந்துட்டார்."

"அடடா. எப்போ?"

"ரொம்ப வருஷம் ஆச்சாம். எனக்கு இப்போதான் தெரிஞ்சுது."

அந்த அம்மாள் சாதத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். ஆறு நாட்களில் இந்த ஊரில் எனக்காகச் சாப்பாட்டை நிறுத்தியவர் அவர் ஒருவர்தான்.

"உறவா?" என்றார்.

நான் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு விளக்கினார். "இல்லே, தெரிஞ்சவர்னா ஒண்ணும் வேண்டாம். உறவுன்னா எத்தனை வருஷம் கழிச்சுக் கேட்டாலும் ஒரு ஸ்நானம் உண்டு. கேட்டுட்டு வெறுமனே விடப்படாது. அதுக்குத்தான் கேட்டேன்."

"உறவுதான்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்போ சாப்ட்டு முடிச்சுட்டுப் போய்ப் பண்ணிடுங்கோ. தலைக்கு விட்டுக்கணும்," என்று சொல்லிவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் மோர் விடச் சொன்னார்.

லாட்ஜ் குளியலறையில் வாளி நிறையும்வரை நின்றுகொண்டிருந்தேன். அம்மா போனபோது சொந்தக்காரர்கள் கூட இருந்து தலையில் தண்ணீர் விட்டார்கள். இப்போது நானேதான் மொண்டு விட்டுக்கொள்ள வேண்டும். முதல் சொம்பைத் தூக்கியபோது ஒரு பெயரைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் பெற்றோர் வைத்த பெயர் உலகத்தில் யாருக்கும் தெரியாது. தென்கரையான் என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். தண்ணீர் தலையில் விழுந்தது, சில்லென்று இருந்தது, அழுதேன்.